காலாவதியான மழை

எதிரே ஒரு பெண்பிள்ளை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தபோது வடிவேலு சிரித்துவிட்டான். தப்பு என்று அவனுக்கே தெரிந்தது. ஆனால் கையிலிருந்த காகிதத்தின் இரண்டாவது வரியைப் படித்ததும் சிரிப்பு அவனைக் கேட்காமலே வந்துவிட்டது.

"வெளியே போய்ச் சிரித்துவிட்டு வா," என்றார் பீர் முஹம்மது.

"போதும் சாயபு, முடிஞ்சிடுச்சி," என்று சொல்லி வடிவேலு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பீர் முஹம்மது இருபத்திரண்டு வருஷம் எழும்பூர் போலீஸ் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். யார் எந்த பாஷையில் பொய் சொன்னாலும் அதைச் சேதாரமில்லாமல் இங்கிலீஷில் எடுத்து மாஜிஸ்திரேட்டின் முன் வைப்பது அவர் வேலை. பென்ஷன் வாங்கியபின் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ஒரு மாடி அறை பிடித்து, 'ரகசிய விசாரணைகள்' என்று பலகை மாட்டினார். அவருடைய உதவியாளன் வடிவேலு ஒரு காலத்தில் டிராம் வண்டியில் ஜேப்படி செய்தவன். அதற்காக 1930-லிருந்து 32 வரை இரண்டு வருஷம் சென்ட்ரல் ஜெயிலில் இருந்தான். வெளியே வந்தபோது பட்டணத்தில் ஒருவரும் அவனுக்கு வேலை கொடுக்கவில்லை. பீர் முஹம்மது கொடுத்தார். அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது.

அழுதுகொண்டிருந்தவள் அமீனா பீ. மீர்சாகிப்பேட்டை தையற்காரர் ஹனீஃபாவின் மனைவி. வடக்கு மாட வீதியில் அபயாம்பாள் என்ற அம்மாள் வீட்டில் மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்க ஹனீஃபாவைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் தம்முடைய மெஷினையே அங்கே கொண்டுபோய், பின்கட்டில் போட்டுக்கொண்டு ஐந்து நாள் தைத்தார். ஐந்தாம் நாள் கல்யாணப் பெண்ணுக்கென்று வாங்கி வைத்திருந்த, மூக்கில் போடுகிற எட்டுக்கல் வைர பேசரி பூஜை அறையிலிருந்து காணாமற் போயிற்று. போலீஸ் வந்து வீட்டைத் தலைகீழாக்கியும் பேசரி கிடைக்கவில்லை. ஆனால் தையல் மெஷினின் இழுப்பறையில் ஒரு கார்டு கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு ஹனீஃபாவை ரிமாண்டில் போட்டு ஒன்பது நாளாகிறது. மறுநாள் காலை கோர்ட்டில் கேஸ்.

ஸ்டேஷனில் கெஞ்சிக் கூத்தாடி பீர் முஹம்மது நகல் எடுத்து வந்த அந்தக் கார்டைத்தான் வடிவேலு படித்துச் சிரித்தான்.

'ஹனீஃபாவுக்கு முட்டைக்கண்ணன் எழுதியது. நான் இங்கே சுகம். மாமி வீட்டுக் கோழியைப் பிடித்தாயா? அதை மழையில் நனையாமல் பத்திரமாய் வை. நான் வெளியே வந்ததும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.'

முட்டைக்கண்ணன் என்பவன் பத்திரிகையில் பேர் அடிபட்ட கன்னக்கோல் திருடன். இப்போது சென்ட்ரல் ஜெயிலில் இருக்கிறான். கார்டில் தபால் முத்திரை இல்லாததால், யாரோ ஒரு வார்டருக்குப் பீடி வாங்கிக் கொடுத்துக் கள்ளத்தனமாக வெளியே அனுப்பியிருப்பான் என்பது இன்ஸ்பெக்டரின் கட்சி. ஜெயில் பாஷையில் கோழி என்றால் திருட்டுச் சொத்து, மழை என்றால் சோதனை என்று அவருக்குத் துப்புக் கொடுத்தவன் சொல்லியிருந்தான். எழுத்தெல்லாம் அச்சுக் கோத்ததுபோல் தனித்தனியாக இருந்ததால் கையெழுத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை.

"அவருக்குத் தமிழ் படிக்கவே தெரியாது, பாய்," என்றாள் அமீனா பீ. "உருதுதான் வரும். இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னேன். படிக்கத் தெரியும்னா ருசு பண்ணலாம், தெரியாதுன்னு எப்படி ருசு பண்ணுவேன்னு கேக்கறாரு."

"அதுவும் ஒரு நியாயம்தான்," என்ற பீர் முஹம்மது, வடிவேலுவின் பக்கம் திரும்பினார். "இப்போது சொல். எதற்குச் சிரித்தாய்?"

"சிரிக்காம இன்னா பண்றது சாயபு? இந்த மழை நின்னு நாலு வருஷமாச்சி."

"புரியும்படி சொல்."

வடிவேலு பெஞ்சில் நன்றாக உட்கார்ந்துகொண்டான். "நான் உள்ள போனப்போ சோதனைக்கு மழைன்னுதான் பேரு. வாசல் பக்கத்துல நிக்கறவன், வார்டருங்க கூட்டமா வர்றதப் பாத்தா, மழை மழைன்னு முணுமுணுப்பான். ஒவ்வொருத்தனும் அவனவன் பீடியையும் பொயிலையையும் ஒளிச்சி வச்சிடுவான். ஒருநாள் எந்தப் பாவியோ ஹெட் வார்டர்கிட்ட அர்த்தத்தைச் சொல்லிட்டான். மறாநாளு அந்த ஆளு இன்னா பண்ணாரு தெரியுமா? குடையை விரிச்சிப் புடிச்சிக்கினு பிளாக்குக்குள்ள வந்தாரு. 'மழை வருதாமே, நனையக்கூடாதுன்னு எடுத்தாந்தேன்'னாரு. அன்னிக்கு எழுபது பேரு பீடி பூட்ச்சி. அத்தோட மழையும் செத்துச்சி."

"அப்புறம் சோதனைக்கு என்ன சொன்னீர்கள்?"

"கல்யாணம்."

"கல்யாணமா?"

"கையில கீறதெல்லாம் பூடுது இல்ல?"

மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்திருந்த பீர் முஹம்மது அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. "இது எப்போது நடந்தது?"

"முப்பத்தொண்ணு தீவாளிக்கு மொத நாளு. பண்டிகைக்குன்னு சேத்து வச்சதெல்லாம் போச்சேன்னு அளுதவன் பேரு வரைக்கும் சொல்லுவேன்."

பீர் முஹம்மது எழுந்து ஜன்னலோரம் போனார். வடிவேலுவுக்கு அந்த நடை தெரியும். கோர்ட்டில் சாட்சி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு இன்னொன்றை விழுங்கும்போது அவர் இப்படித்தான் நகர்வாராம்.

"முட்டைக்கண்ணன் ஜெயிலுக்குப் போனது முப்பத்துமூன்று ஆடியில். அதற்கு முன்னால் அவன் அகப்பட்டதேயில்லை. அவன் இந்தக் கார்டை எழுதியிருந்தால் கோழியைக் கல்யாணத்தில் பறிகொடுத்துவிடாதே என்று எழுதியிருப்பான். அவனுக்கு மழை என்ற வார்த்தை தெரிய நியாயமேயில்லை. இதை எழுதினவன் ஜெயிலில் இருந்தவன்தான். ஆனால் குடை வருவதற்கு முன்னாலேயே வெளியே போய்விட்டவன். வார்த்தை மாறிப்போனது அவனுக்குத் தெரியாது."

"இத்த இன்ஸ்பெக்டராண்ட சொல்லலாமே?"

"முன்னாள் ஜேப்படிக்காரன் ஒருவன் ஒரு வார்த்தைக்குக் காலாவதித் தேதி சொல்கிறான் என்று நாளைக்கு மாஜிஸ்திரேட் முன்னால் போய் நிற்கச் சொல்கிறாயா? உன்னை வைத்துக் கோர்ட் முழுக்கச் சிரிக்கும். ஆள் வேண்டும், வடிவேலு. எழுதின ஆளே வேண்டும்."

அமீனா பீ அழுகையை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்பது நாளில் முதல் தடவையாக யாரோ ஒருவர் தன் புருஷன் செய்யவில்லை என்பதைச் சமாதானத்துக்காக இல்லாமல் கணக்குப் போட்டுச் சொன்னது அவளுக்கு விளங்கிவிட்டது.

மத்தியானம் அவர்கள் வடக்கு மாட வீதிக்குப் போனார்கள். அபயாம்பாள் கூடத்தில் கல்யாணப் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். பேசரி போன துக்கத்தைவிட ஹனீஃபா எடுத்தாரே என்ற துக்கம் அவளுக்கு அதிகமாக இருந்தது.

"நன்னாத் தைப்பார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன் இப்படிப் பண்ணுவார்னு யாருக்குத் தெரியும், சொல்லுங்கோ," என்றாள்.

"அந்த ஐந்து நாளும் ஆத்தில் வேறு யார் யார் இருந்தது, அம்மா?" என்று பீர் முஹம்மது கேட்டார். எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுத் தமிழ் அவருக்கு ஒட்டிக்கொள்ளும்.

"நான், பொண்ணு விஜயலக்ஷ்மி, சமையல்கார மாமி. மாடி ரூம்ல ஸ்ரீரங்கன். அவரைத் தெரியாதோ உங்களுக்கு? பெரிய தியாகி. உப்புச் சத்தியாக்கிரகத்துல வேலூர் ஜெயில்ல ஒன்பது மாசம் இருந்துட்டு வந்தவர். ரெண்டு வருஷமா நம்மாத்துலதான் இருக்கார். காலம்பற காபிகூட நானே மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துடறது. அவர்தான் இன்ஸ்பெக்டர்கிட்ட, அந்த மெஷின் இழுப்பறையைப் பார்த்தேளான்னு கேட்டார். இல்லேன்னா கார்டு கிடைச்சிருக்குமோ?"

வடிவேலு வெண்கலப் பானை ஒன்றை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பீர் முஹம்மது தாடியைத் தடவிக்கொண்டார்.

"அவரைப் பார்க்க முடியுமா?"

"அஞ்சு மணிக்குப் பனகல் பார்க்குல பேசறார். 'நான் கண்ட சிறை'ன்னு தலைப்பு. நானும் விஜயாவும் போறோம். நீங்களும் வாங்களேன்."

வெளியே வந்ததும் வடிவேலு தலையை ஆட்டினான். "ஒதைக்குது சாயபு. காங்கிரஸ் கைதிங்களுக்குத் தனி பிளாக்கு. காலையில பஜனை, பகல்ல நூல் நூக்கறது. எங்களாண்ட பேச வுட மாட்டாங்க. அவங்களுக்கு மழைன்னா வானத்துலருந்து வர்றதுதான். அதுவும் இந்த ஆளு வேலூருன்றாரு. மழை எங்க ஜெயிலுச் சரக்கு, வேலூருக்குப் போகவேயில்ல."

"எனக்கும் அதுதான் உதைக்கிறது. அவர் அந்தக் கார்டை எழுதியிருந்தால், அவர் இருந்தது வேலூர் இல்லை. போனதும் உப்புக்காக இல்லை."

"அதெப்படிக் கேக்கறது? 'ஐயா தியாகி, நீ திருடனா'ன்னா?"

"நீதான் கேட்கப் போகிறாய். ஒரே வார்த்தையில்," என்றார் பீர் முஹம்மது. என்ன வார்த்தை என்பது வடிவேலுவுக்கு உடனே புரிந்தது. அவன் நடு ரோட்டில் நின்று இரண்டாம் தடவை சிரித்தான்.

மாம்பலத்துக்கு ஜட்காவில் போனார்கள். அந்தக் குதிரை எலும்பும் தோலுமாக இருந்தது. "இதை ஏத்திக்கினு நாம இழுத்தா சீக்கிரம் போலாம்," என்றான் வடிவேலு. ஜட்காக்காரன் கோபித்துக்கொண்டு, பார்க்குக்கு அரை பர்லாங் இருக்கும்போதே இறக்கிவிட்டான்.

சித்திரை மாதம். ஐந்து மணிக்கும் வெயில் முதுகைச் சுட்டது. வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் கிடையாது. புல்தரையில் நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் அபயாம்பாளும் மகளும். ஓரமாக ஒரு பெஞ்சில் ஹனீஃபாவைப் பிடித்த அதே இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் ஒரு போலீஸ் குமாஸ்தா நோட்டும் பென்சிலுமாகப் பேச்சைக் குறித்துக்கொண்டிருந்தான். தேசியக் கூட்டம் எங்கே நடந்தாலும் அப்படி ஒரு நோட்டு வந்துவிடும்.

மேடை என்று போட்டிருந்த இரண்டு மேஜைகளின்மேல் ஸ்ரீரங்கன் நின்றார். கதர் ஜிப்பா, மார்பளவு தாடி, கழுத்தில் சம்பங்கி மாலை. இடது கக்கத்தில் கையடக்கமான ஒரு மரப்பெட்டி. நூல் நூற்கிற தக்ளியும் பஞ்சும் வைத்துக்கொள்கிற பெட்டி. பேசும்போது வலது கை ஆகாயத்துக்கும் பூமிக்குமாகப் போய்வந்தது. இடது கை மட்டும் அசையவில்லை.

"அந்தக் களியை நீங்கள் பார்த்திருக்கவேண்டும், தாய்மார்களே. சுவரில் அடித்தால் ஒட்டிக்கொள்ளும். பத்து நாள் கழித்தும் அங்கேயே இருக்கும்."

"கரெக்டு," என்று வடிவேலு முணுமுணுத்தான். "கேள்விப்பட்டவன் இத்தச் சொல்ல மாட்டான் சாயபு. எங்க பிளாக்குச் செவுத்துல ஒண்ணு ஒட்டிக்கினு கீது."

"முன்னால் போ. பழைய மாதிரியே சொல்லவேண்டும்."

வடிவேலு குனிந்தபடி நகர்ந்து மேடைக்குப் பக்கத்தில், அபயாம்பாளுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். அந்த வார்த்தையை அவன் நாலு வருஷமாக அந்தத் தொனியில் சொன்னதில்லை. உதடு அசையக்கூடாது. குரல் கடைவாயிலிருந்து வரவேண்டும். மூன்று தடவை, மூச்சு விடாமல்.

ஸ்ரீரங்கன் பாரதத் தாயின் விலங்குகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மழை மழை மழை," என்றான் வடிவேலு.

சுற்றியிருந்தவர்களெல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு வக்கீல் குடையைத் தேடினார். விஜயலக்ஷ்மி பட்டுப் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் ஆகாயத்தைப் பார்க்க, குமாஸ்தா நோட்டை மூடிச் சட்டைக்குள் வைத்தான். மேடைமேல் இருந்தவர் மட்டும் மேலே பார்க்கவில்லை. பாரதத் தாயைப் பாதியில் விட்டுவிட்டு அவர் சட்டென்று குந்தி உட்கார்ந்தார். கக்கத்துப் பெட்டி ஜிப்பாவுக்குள் போய்விட்டது. முகத்தில் ஒன்றுமறியாத ஒரு பாவம்.

வடிவேலு தன் கையைப் பார்த்தான். அதுவும் இடுப்பு மடிப்புக்குப் போயிருந்தது. அங்கே ஒன்றுமில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"வானத்தில் மேகமே இல்லை, ஐயா," என்று பீர் முஹம்மது பின்வரிசையிலிருந்து எழுந்து கோர்ட்டுக் குரலில் கேட்டார். "மழை என்றதும் ஊரே மேலே பார்த்தது. தாங்கள் மட்டும் பெட்டியை ஒளித்தீர்களே, ஏன்?"

ஸ்ரீரங்கன் எழுந்தார். ஜிப்பாவைச் சரி செய்துகொண்டு, நிதானத்துக்கு வந்துவிட்டார். "இது கதர்ப் பஞ்சு, பெரியவரே. ஏழைகளின் வியர்வை. நான் நனையலாம், இது நனையலாமா?"

கை தட்டல் பார்க்கின் மறுகோடி வரை கேட்டது. நாலைந்து பேர் எழுந்து, கூட்டத்தைக் கலைக்க வந்தவன் யார் என்று வடிவேலுவின் சட்டையைப் பிடித்தார்கள். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிவிட்டு, குமாஸ்தாவிடம் நோட்டைத் திறக்கச் சொன்னார். பீர் முஹம்மதின் முகம் வெளுத்துப்போனதை வடிவேலு பார்த்தான். அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. நாளைக்குக் கோர்ட்டில் ஹனீஃபா நிற்கப்போவதை வடிவேலு நினைத்துக்கொண்டான். சட்டையைப் பிடித்தவன் கையை உதறவும் தோன்றவில்லை.

அப்போது அபயாம்பாள் எழுந்தாள்.

"வாஸ்தவம்தான், ஸ்ரீரங்கன். நனையப்படாதுதான். இப்படிக் கொடுங்கோ, நான் என் பையில பத்திரமா வச்சுண்டிருக்கேன். நீங்க ரெண்டு கையையும் வீசிண்டு நன்னாப் பேசுங்கோ."

அவள் கள்ளமில்லாமல்தான் கேட்டாள். கையை நீட்டியபடி நின்றாள்.

"வேண்டாம், மாமி."

"பஞ்சுதானே?"

"பரவாயில்லை, மாமி. என்கிட்டயே இருக்கட்டும்."

"தினம் காபி டபராவை இந்தக் கையிலதானே கொடுக்கறேள். இன்னிக்கு என்ன வந்தது?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சட்டையைப் பிடித்தவன்கூட, "கொடுத்துடுங்கோ சார், மாமி கேக்கறா இல்ல," என்றான். கொடுக்காமலிருக்க ஒரு காரணமும் சொல்ல முடியாத நிலைமை. நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீரங்கன் இடது பக்கம் பார்த்தார், அங்கே இன்ஸ்பெக்டர். வலது பக்கம் பார்த்தார், வடிவேலு. வடிவேலு உதடு அசையாமல், அவருக்கு மட்டும் கேட்கும்படி, "மழை பெருசு நைனா. குடுத்துடு," என்றான்.

ஸ்ரீரங்கன் அவனை உற்றுப் பார்த்தார். ஒரே கொட்டடியில் படுத்திருந்தவர்கள் பார்த்துக்கொள்கிற பார்வை அது. பிறகு பெட்டியை வெளியே எடுத்து மாமியின் கையில் வைத்தார்.

அபயாம்பாள் அதைத் திறந்து பார்ப்பதாகவே இல்லை. விஜயலக்ஷ்மிதான் திறந்தாள். பஞ்சுச் சுருளை எடுத்ததும் எட்டுக் கல்லும் வெயிலில் பளிச்சென்றன.

மாமிக்குக் கோபம் வர நேரமாயிற்று. முதலில் அவள் கேட்டது இதுதான்: "நீங்க உப்பு எடுக்கத்தானே ஜெயிலுக்குப் போனேள்?"

"இல்லை, மாமி. டம்ளர்."

"என்ன டம்ளர்?"

"ஜார்ஜ் டவுன் காபி ஹோட்டல்ல, வெள்ளி டம்ளர். ஒன்பது மாசம்." ஸ்ரீரங்கன் தலையைக் குனிந்துகொண்டார். "வெளியே வந்தப்போ சத்தியாக்கிரகிகளை ஊர்வலமா கூட்டிண்டு போயிண்டிருந்தா. எனக்கும் ஒருத்தர் மாலை போட்டுட்டார். இல்லைன்னு சொல்ல வாய் வரலை."

குமாஸ்தா ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டான். கூட்டத்தின் காரியதரிசி மேடைமேல் ஏறி, அந்தச் சம்பங்கி மாலையைக் கழற்றி எடுத்துக்கொண்டார். வடிவேலுவின் சட்டையைப் பிடித்திருந்தவன் கசங்கிய இடத்தை நீவிவிட்டான்.

இன்ஸ்பெக்டர் பீர் முஹம்மதிடம் வந்தார். "மழைன்னா சோதனைன்னு எனக்கும் தெரியுமே, ஐயா. நானும் ஏன் வானத்தைப் பார்த்தேன்?"

"நீங்கள் அதை ஒருவன் சொல்லித் தெரிந்துகொண்டீர்கள்," என்றார் பீர் முஹம்மது. "அவர் அதற்குப் பயந்து தெரிந்துகொண்டார்."

மறுநாள் கோர்ட்டில் கேஸ் பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஆனால் காகிதங்கள் கைமாறி சென்ட்ரல் ஜெயில் வாசலுக்கு வந்து சேரப் பிற்பகல் ஆகிவிட்டது. அமீனா பீ ஒரு தூக்கில் கோழிக் குழம்பும் சோறும் கொண்டுவந்து நின்றாள். அபயாம்பாள் ஒரு சம்படம் நிறைய லட்டு கொடுத்தனுப்பியிருந்தாள். மீதி ரவிக்கைகளை வேறு யாரிடமும் கொடுக்கப்போவதில்லை என்றும் சொல்லியனுப்பியிருந்தாள். வடிவேலு வாசலிலிருந்து கொஞ்சம் தள்ளி, ரோட்டுக்கு அந்தப்புறமே நின்றான். பழைய வார்டர் யாராவது பார்த்து, வா என்று கூப்பிட்டுவிடுவானோ என்று அவனுக்கு ஒரு பயம்.

சின்னக் கதவு திறந்து ஹனீஃபா வெளியே வந்தார். நரைத்த தாடியும் ஒட்டிய கன்னமுமாக இருந்தார். மனைவியைப் பார்த்ததும் தூக்கை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். அப்புறம் ரோட்டைக் கடந்து வந்து வடிவேலுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"காலையில நம்பிக்கையே இல்ல, தம்பி. பக்கத்துல படுத்திருந்தவன்தான் சொன்னான், பாய், உமக்கு இன்னிக்குப் பட்டம்னு."

"பட்டமா?" என்றான் வடிவேலு. "இன்னா பட்டம், பி.ஏ.வா?"

ஹனீஃபா அவனை ஆச்சரியமாகப் பார்த்தார். "விடுதலைப்பா. பட்டத்துக் கயிறு அறுந்தாப்பல போயிடறோமில்ல. உள்ள எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க. நீ ரெண்டு வருஷம் இருந்தவனாமே, உனக்குத் தெரியாதா?"

"தெரியாது, பாய்," என்றான் வடிவேலு.

சொல்லிவிட்டு அவன் அந்தச் சுவரைப் பார்த்தான். அதற்கு அந்தப்புறம் ஆயிரம் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசுவது இனி அவனுக்குப் புரியாது. மூன்று வருஷத்தில் அவன் மனசுக்கு இப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை.

"வாங்க, சாப்பாடு ஆறுது," என்று தூக்கை ஹனீஃபாவிடமிருந்து வாங்கிக்கொண்டு டிராம் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தான்.